சாமக்கொடையில் கேட்ட அம்மாவின் குரல்

கேள்வி:

மேடம், எனக்கு 33 வயது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். மைக்செட் தொழில். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று வருஷத்துக்கு எழுபது எண்பது விசேஷம் வரும். வேலை தெரியும். ஆனால் ராசி கிடையாது.

சின்ன வயசில் கிணற்றில் விழுந்தேன். தூக்கிவிடப் போட்ட கயிறு பாதியில் அறுந்து மறுபடியும் விழுந்தேன். குற்றாலத்தில் அத்தனை கூட்டத்திலும் குரங்கு என் கண்ணாடியைத்தான் பிடுங்கும். அக்கா கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு வழுக்கி, மாப்பிள்ளையின் தாய்மாமா மடியில் போய் உட்கார்ந்தேன். ஏழரை நடக்கிறது என்று அம்மா ஸ்ரீவைகுண்டம் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போய் எள் விளக்குப் போட வைத்தாள். திரும்பும் வழியில் புது பைக் பஞ்சர். பஞ்சர் கடையில் நிறுத்தியிருந்தபோது தேங்காய் விழுந்து பெட்ரோல் டேங்க் நசுங்கிவிட்டது. 2023 டிசம்பரில் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம் என்று சென்னைக்கு ரயில் ஏறினேன். வெள்ளத்தில் ரயில் நின்ற இடம் அதே ஸ்ரீவைகுண்டம்.

எல்லாவற்றிலும் பெரிசு பக்கத்து ஊர்க் கொடையில் நடந்தது. சாமக்கொடை, அதாவது கொடை விழாவின் நடுச்சாமப் பூசை. மேளத்தை நிறுத்திவிட்டு, சாமியாடி வாக்குச் சொல்லப் போகிற நேரம். பாட்டுப் போட என் போனை மிக்ஸரில் சொருகியிருந்ததை மறந்து, அம்மா கூப்பிட்டதும் எடுத்துவிட்டேன். எட்டு கூம்பு ஸ்பீக்கரிலும் அம்மா குரல்: "ஏலே, வயித்தால போனது நின்னுட்டா? மோர ஊத்திச் சாப்பிட்டியா?" சாமியே திரும்பிப் பார்த்தது.

எனக்குப் பட்டப்பெயர் 'கண்டம்'. "கண்டம் வாரான், ஒதுங்குங்கலே" என்பார்கள். நானும் சிரிப்பேன். "என் கை பட்டா எது வெளங்கும்" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிக்க வைப்பேன். போன ஐப்பசி மழையில் செட் பிரிக்கும்போது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. எழுந்து, "ஒரு வாரத்துக்குச் சார்ஜ் ஏறிட்டு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இப்போது இரண்டு ஊர்க் கொடைக்காரர்கள் வேறு செட்டுக்குப் போய்விட்டார்கள். பெண் பார்த்த இடத்தில், "அந்த ராசியில்லாத பையனா" என்று கேட்டார்களாம். ராத்திரி தூக்கம் இல்லை. எதுக்குத்தான் பூமிக்குப் பாரமாக இருக்கிறேன் என்று தோன்றும். சும்மா சொல்கிறேன், பயப்படாதீர்கள்.

சிரித்தே கடந்துவிடு என்கிறார்கள். எனக்குச் சிரிக்கத் தெரியும். ஆனால் நான் சிரிக்கிற சிரிப்பு சரிதானா? உண்மையிலேயே ராசி இல்லையா, இல்லை ஏதாவது வியாதியா? இப்போது இன்னொரு இடத்தில் பெண் பேசுகிறார்கள். இதையெல்லாம் சொல்லவா, மறைக்கவா? நடந்ததை எல்லாம் நேரத்தோடு தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

ராசியில்லாதவன், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்:

தம்பி, "சும்மா சொல்கிறேன்" என்று நீங்கள் தாண்டிப் போன வரியில்தான் நான் முதலில் நிற்கிறேன். பூமிக்குப் பாரம் என்ற எண்ணம் எப்போதாவது ஒரு நாள் வந்து போகிறதா, இல்லை பல ராத்திரி வருகிறதா? செத்துப் போகலாம் என்று தோன்றியதுண்டா? இதை நேராகவே கேட்கிறேன், ஏனென்றால் வேடிக்கையாகப் பேசுகிறவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. ஆமாம் என்றால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்கும் முன் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். பணம் கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டும் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கொடை சீசனில் போக முடியாது என்று தள்ளிப்போடாதீர்கள். தூக்கம் கெட்டு, மனசும் இப்படிப் பேசத் தொடங்கினால் அதற்கு வைத்தியம் உண்டு, பலனும் உண்டு.

அடுத்தது அந்த ஷாக். உங்கள் கடிதத்தில் எனக்குச் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான். நீங்கள் எழுந்து ஒரு வார்த்தை சொன்னீர்கள், எல்லாரும் சிரித்தார்கள், செட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றினீர்கள். எந்த வயரில் கசிவு என்று அன்றைக்கு யாராவது பார்த்தார்களா? உங்கள் தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த இடத்தில் சிரிப்பு ஒரு கெடுதல் செய்துவிட்டது: பயப்பட வேண்டிய நேரத்தில் எல்லாருடைய பயத்தையும் எடுத்துவிட்டது. உங்களோடு வேலை பார்க்கும் பையன்களும் அதைப் பார்த்து, ஷாக் அடித்தால் சிரித்துவிட்டுப் போகலாம் என்று கற்றுக்கொள்வார்கள்.

நான் மின்சாரம் படித்தவள் இல்லை. ஆனாலும் பாதுகாப்பு விஷயத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியில் இருக்கிற எம்.சி.பி., அதாவது லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்ச், வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. உடம்பு வழியாகக் கசியும் சின்ன அளவு மின்சாரத்துக்கு அது விழவே விழாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்பு சுவிட்ச் வேண்டும். கசிவு தெரிந்ததும் ஒரு நொடி கூட ஆகாமல் லைனைத் துண்டித்துவிடும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து உங்கள் மெயின் பெட்டியில் மாட்டுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டும்போது எப்படி இணைப்பது, எர்த் எப்படிப் போடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். சரியான இணைப்பு இல்லாமல் ஜெனரேட்டரில் அதை நம்ப முடியாது. மழை பெய்துகொண்டிருந்தால் லைனை அணைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும், யார் அவசரப்படுத்தினாலும். இதை முடிக்கிற வரைக்கும் அந்தச் 'சார்ஜ்' கதையை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் தனித்தாளுக்கு வருகிறேன். நேரத்தையும் குறித்து அனுப்பியதற்கு நன்றி. அதைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது ராசி அல்ல, தூக்கம். ஏணியிலிருந்து விழுந்தது, வண்டியோடு வாய்க்காலில் இறங்கியது, பாக்ஸைக் காலில் போட்டுக்கொண்டது எல்லாமே கொடை முடிந்த விடியற்காலத்தில். முந்தின நாள் காலையில் எழுந்து பந்தலுக்குப் போய், கம்பம் நட்டு, சீரியல் லைட் கட்டி, சாமக்கொடை முடிகிற வரை விழித்திருந்து, அப்படியே பிரித்து ஏற்றி வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிற ஒருவருடைய கையும் கண்ணும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லி கிராம் சாராயம் ஏறியவருடையதைப் போலத் தடுமாறும் என்பது ஆராய்ச்சியில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 30 மில்லி கிராம்தான். ஒரு சொட்டுக் குடிக்காமலே நீங்கள் அந்த அளவைத் தாண்டியிருக்கிறீர்கள். கொடை முடிந்ததும் பந்தலிலேயே ஒரு பாயை விரித்துப் படுத்துவிட்டு, வெயில் ஏறின பிறகு பிரியுங்கள். முடியாத ஊரில் பிரிப்பதற்கு மட்டும் தூங்கி எழுந்த ஒரு ஆளை வரச் சொல்லுங்கள். கூலி கூடும்தான். தையல் போடுகிற செலவையும் ரிப்பேர் செலவையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வியாதியா என்று கேட்டீர்கள். பார்க்க வேண்டியவை சில உண்டு. கண்ணாடிப் பவரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? குரங்கு பிடுங்கிய பிறகு பழைய கண்ணாடியையே மாட்டிக்கொண்டு திரிகிறீர்களா? ஒரு கண்ணில் பவர் மாறியிருந்தாலும் படியின் ஆழம் சரியாகத் தெரியாது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை சிலது நாள் முழுக்க மந்தமாக்கும். சர்க்கரையையும் ஒருமுறை பாருங்கள். பிறகு, சின்ன வயசிலிருந்தே சாமானைத் தொலைப்பது, சொன்னதை மறப்பது, ஒரு வேலையில் இருக்கும்போதே இன்னொன்றுக்குத் தாவுவது உண்டு என்றால், கவனக்குறைபாடு இருக்கிறதா என்று மனநல மருத்துவர் சோதிப்பார். அது உள்ளவர்களுக்கு அடிபடுவது அதிகம். பெரியவர்களுக்கும் அதற்குச் சிகிச்சை உண்டு. கை கால் ஒத்துழைக்காத வளர்ச்சிக் குறைபாடு என்று இன்னொன்றும் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளில் நூற்றில் ஐந்தாறு பேருக்கு வரும். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து நீங்களே சால்டரிங் பண்ணுவதாகத் தனித்தாளில் எழுதியிருப்பதால் உங்களுக்கு அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ராசி. 1919இல் இங்கிலாந்தில் கிரீன்வுட், வுட்ஸ் என்ற இருவர் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். விபத்து எல்லாருக்கும் சமமாக வரவில்லை, சிலருக்கே திரும்பத் திரும்ப வந்தது. 1926இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதற்கு 'விபத்துக்கு உள்ளாகும் இயல்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். ஏணியில் நிற்கிறவனையும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது, இந்த வருஷம் அதிகம் அடிபட்டவருக்கு அடுத்த வருஷமும் அப்படியே நடக்கும் என்றும் இல்லை என்றார்கள். இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் சொல்வது, சிலருக்குச் சராசரியை விடக் கூடுதலாக நடப்பது உண்மை, ஆனால் அது யார் என்று முன்கூட்டிக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதுதான். ஆகவே எல்லாம் உங்கள் மனப்பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரியில், ஈரத்தரையில், தற்காலிக வயரிங்கோடு, ஆடிக்காற்றில் கம்பத்தின் மேல் நிற்கிற தொழில் உங்களுடையது. பேங்க் கிளார்க்குக்கு வருகிற அளவு ஆபத்துதான் உங்களுக்கும் வரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

தேங்காய், ரயில், அறுந்த கயிறு இதெல்லாம் வேறு வகை. இவற்றுக்கு உங்கள் பக்கத்தில் காரணம் எதுவும் இல்லை. 1898இல் போர்ட்கேவிச் என்ற புள்ளியியலாளர் பிரஷ்யா நாட்டுப் படையில் குதிரை உதைத்துச் செத்தவர்களின் கணக்கை வெளியிட்டார். 10 படைப்பிரிவு, 20 வருஷம், ஆக 200 பதிவுகள். 109இல் ஒரு சாவும் இல்லை, 65இல் ஒன்று, 22இல் இரண்டு, 3இல் மூன்று, ஒரே ஒரு பதிவில் நான்கு. நாலு பேர் செத்த அந்தப் பிரிவில் அந்த வருஷம் என்ன பேசியிருப்பார்கள்? நமக்குப் பீடை பிடித்திருக்கிறது என்றுதான் பேசியிருப்பார்கள். ஆனால் குருட்டாம்போக்கில் நடந்தால் எத்தனை பிரிவுக்கு எத்தனை சாவு வர வேண்டுமோ, கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதேதான் வருகிறது. தற்செயல் என்பது ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்துக் கொடுக்காது. சில இடத்தில் குவியும், சில இடத்தில் தொடவே தொடாது. குவிந்த இடத்தில் நிற்கிறவருக்கு அது தன்னைத் தேடி வந்ததாகத் தெரியும்.

அம்மா விளக்குப் போடட்டும். உங்களைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு கணக்கை மட்டும் நீங்கள் போட்டுப் பாருங்கள். சனி ஒரு சுற்றுச் சுற்றக் கிட்டத்தட்ட 30 வருஷம். ஏழரை என்றால் எந்த நேரமும் 3 ராசிக்காரர்களுக்கு நடந்துகொண்டிருக்கும். அஷ்டமச்சனி ஒரு ராசிக்கு, அர்த்தாஷ்டமச்சனி ஒரு ராசிக்கு, கண்டகச்சனி ஒரு ராசிக்கு. மொத்தம் 12இல் 6. உங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கு ஏதோ ஒரு சனி. எது நடந்தாலும் காரணம் சொல்ல அது தயாராக இருக்கும். நடக்காத நாளில் யாரும் அதைத் தேடுவதில்லை.

உங்கள் கணக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு எழுபது எண்பது விசேஷம். அதில் எத்தனையில் மைக் கெட்டது? அட்வான்ஸ் எழுதுகிற நோட்டில் தேதிக்கு நேரே ஒரு கட்டம் போட்டு, ஒழுங்காக நடந்ததா, என்ன கெட்டது, எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தீர்கள் என்று மூன்று விஷயம் எழுதுங்கள். ஆறு மாசம் எழுதினால் போதும். ஒழுங்காக நடந்த கல்யாணத்தை யாரும் கதையாகச் சொல்வதில்லை, அதனால் உங்கள் ஞாபகத்திலும் அது நிற்கவில்லை.

இப்போது சிரிப்பு. உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003இல், மனிதர்கள் நகைச்சுவையைப் பயன்படுத்தும் விதத்தை நாலாகப் பிரித்தார்கள். கூட இருக்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சிரிப்பது, கஷ்டத்தில் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சிரிப்பது, அடுத்தவரைக் குத்தச் சிரிப்பது, அடுத்தவருக்குப் பிடிக்க வேண்டும் என்று தன்னையே தாழ்த்திச் சிரிப்பது. முதல் இரண்டும் மனசுக்கு நல்லது. கடைசி வகையை அதிகம் பயன்படுத்துகிறவர்களிடம் சோர்வும் தன்மதிப்புக் குறைவும் கூடவே காணப்படுகின்றன. நாலு வகையிலும் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் ராத்திரி படுத்த பிறகு.

உங்கள் கடிதத்திலேயே இரண்டும் இருக்கின்றன. சாமக்கொடைக் கதையைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதில் உங்கள் அம்மா இருக்கிறார்கள், மகன் வயிற்றைப் பற்றிய கவலையோடு. சாமியாடி இருக்கிறார், மேளக்காரர் இருக்கிறார், பக்தியோடு நின்ற சனம் இருக்கிறது, எட்டு கூம்பு இருக்கிறது. நீங்கள் அதில் ஒரு ஆள், அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு உங்கள் மேல் பிரியம்தான் கூடும். "என் கை பட்டா எது வெளங்கும்" என்பதில் யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. சம்பவம் இல்லை, ஊர் இல்லை, அம்மா இல்லை. உங்கள் மேல் நீங்களே எழுதிய தீர்ப்பு மட்டும் இருக்கிறது. அதைச் சிரிப்போடு சொல்வதால் எல்லாரும் சிரிப்போடு ஒத்துக்கொள்கிறார்கள். பெண் வீட்டில் கேட்ட வார்த்தை வானத்திலிருந்து விழவில்லை தம்பி. நீங்கள் வருஷக்கணக்காக ஊருக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான் சுற்றி வந்திருக்கிறது. இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் ஒரு பழைய தனிப்பாடல் உண்டு. பசு கன்று போடுகிற நேரம், மழை கொட்டுகிறது, வீடு இடிந்து விழுகிறது. மனைவிக்கு உடம்பு முடியவில்லை, வேலைக்காரன் செத்துப்போகிறான். ஈரம் காய்ந்துவிடுமே என்று விதையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வழியில் கடன்காரர் மறிக்கிறார். சாவுச் செய்தி ஓலையோடு ஒருவன் எதிரே வருகிறான். தட்ட முடியாத விருந்தாளி வருகிறார். பாம்பு கடிக்கிறது. அரசன் வரி கேட்கிறான். கடைசியில் குருக்கள் வந்து தட்சணை கொடு என்கிறார். இத்தனை துன்பத்தை அடுக்குகிற பாட்டு நமக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. அதில் எங்கேயும் "நான் ராசி கெட்டவன்" என்ற ஒரு சொல் கிடையாது. நடந்ததைத்தான் அடுக்குகிறது, ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விட நேரம் கொடுக்காமல். தன் மேல் பரிதாபப்படவும் இல்லை, தன்னைத் திட்டவும் இல்லை. பாம்பு கடித்ததற்குப் பிறகு குருக்களின் தட்சணையைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் சிரிப்பு. உங்கள் கதைகளையும் அப்படிச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

சொல்கிற விதம் உங்களுக்குப் புதுசில்லை. எத்தனையோ ராத்திரி வில்லுப்பாட்டுக்கு மைக் போட்டிருக்கிறீர்கள். நல்ல பாட்டுக்காரர் சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார். பக்கத்தில் இருக்கிறவர் "ஆமா" போடுவார். குடம் அடிக்கிறவர் கூட ஒரு நொடி கையை நிறுத்துவார். முக்கியமாக, கதை முடிந்ததும் "பார்த்தீங்களா, நான் எவ்வளவு மோசம்" என்று தன்னைப் பற்றி ஒரு வரி சேர்க்க மாட்டார். உங்கள் கதையின் கடைசியில் நீங்கள் ஒட்டுகிற அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். தேங்காய்க் கதையை, பஞ்சர் ஒட்டிய அண்ணாச்சி மேலே பார்த்து என்ன சொன்னார் என்பதோடு நிறுத்துங்கள்.

ரயில் கதையும் அப்படித்தான். அதை உங்கள் துரதிர்ஷ்டக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 17 ராத்திரி நின்ற அந்த ரயிலில் சுமார் 800 பேர் இருந்தார்கள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அது உங்கள் ஒருவருக்காகப் பெய்த மழை அல்ல. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போதே சோறு பொங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? என்ன சாப்பாடு? எதிர் சீட்டில் இருந்தது யார்? கைப்பிள்ளைக்காரி இருந்தாளா? அவர்களையெல்லாம் உள்ளே கொண்டுவந்தால் "எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்வி தானாகவே கதையை விட்டு இறங்கிப் போய்விடும். சிரிப்பும் அதிகமாகும், ஏனென்றால் அவ்வளவு பேர் ஒரு ரயிலுக்குள் மாட்டிக்கொண்டால் வேடிக்கைக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

ஆனால் எந்தக் கதையையும் எல்லாரிடமும் சொல்ல முடியாது. போய்விட்ட இரண்டு கொடைக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஊரில் வீட்டுக்கு வீடு வரி பிரித்து, வருஷத்துக்கு ஒருமுறை நடத்துகிற கொடை. சாமி வாக்குக் கேட்க, வெளியூரில் கடை வைத்திருப்பவர்கள் கூட வந்து நிற்கிற நேரம் அது. அந்த நேரத்தில் நடந்ததை நீங்கள் டீக்கடையில் வேடிக்கையாகச் சொல்லும்போது, விழா நடத்தியவருக்கு எப்படி இருக்கும்? அவர் உங்கள் ராசிக்குப் பயந்து போயிருக்க மாட்டார். நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் போயிருக்கலாம். நேரில் போய்ப் பாருங்கள். சிரிக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். இனிமேல் பாட்டுக்குப் பென் டிரைவ் போடுகிற தனி பிளேயர், போன் மிக்ஸர் பக்கமே வராது, மாற்று ஆம்ப்ளிஃபயர் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கும் என்று சொல்லுங்கள். அவராகச் சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

பட்டப்பெயர் விஷயத்தில் எனக்கு உறுதியான ஒரு எண்ணம் உண்டு. நம் பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது, கூட்டாளிகள் கூப்பிடுவதில் பாசமும் இருக்கிறது. வுல்ஃப்கேங் பாலி என்ற இயற்பியல் விஞ்ஞானிக்கும் இப்படி ஒரு பேர் இருந்தது. அவர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாலே கருவி கெட்டுவிடும் என்பார்கள். ஓட்டோ ஸ்டெர்ன் என்ற விஞ்ஞானி அவரைத் தன் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே விடவில்லை. ஒருமுறை கோட்டிங்கன் நகரத்தில் ஒரு கருவி காரணமில்லாமல் பழுதாயிற்றாம். பாலிதான் ஊரில் இல்லையே என்று பேசிக்கொண்டார்களாம். பிறகு பார்த்தால், அந்த நேரம் அவர் வந்த ரயில் அந்த ஊர் ஸ்டேஷனில் நின்றிருந்ததாம். பாலி இந்தக் கதைகளை ரசித்தார். 1945இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரால் ரசிக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன்: அவருடைய வேலையை யாரும் சந்தேகப்படவில்லை. பேர் வேடிக்கையாக ஒரு பக்கம் இருந்தது, தொழில் தனியாக நின்றது. உங்களுக்கு அந்த இரண்டும் கலந்துவிட்டன. அதனால் நெருங்கிய கூட்டாளி ஒருவரிடம் முதலில் பேசுங்கள். "நமக்குள்ள எப்படி வேணும்னாலும் கூப்பிடு, பந்தல்ல, ஆர்டர் பேசற இடத்துல மட்டும் வேண்டாம், பொழைப்பு கெடுது" என்று சொன்னால் போதும். பிரியமுள்ளவன் புரிந்துகொள்வான். மற்றவர்களை அவனே அடக்குவான்.

கடைசியாகப் பெண் வீடு. மறைக்க வேண்டாம். அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் எந்தக் கதையும் மறைந்து நிற்காது, யாராவது ஒருவர் வாயில் அவர்களுக்குப் போய்ச் சேரும். உங்கள் வாயாலேயே போகட்டும். பெண்ணோடு தனியாகப் பேச விட்டால் அந்தச் சாமக்கொடைக் கதையைச் சொல்லுங்கள், அம்மாவின் வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொழிலில் என்ன ஆபத்து இருக்கிறது, அதற்கு என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அது தெரிய வேண்டும். ராசி பற்றி அவர்களாகக் கேட்டால் நோட்டில் இருக்கிற கணக்கைச் சொல்லுங்கள்: இத்தனை விசேஷம், இத்தனை தடங்கல். பிறகு அவர் வீட்டுக் கல்யாணங்களில் என்னென்ன கெட்டுப்போயிற்று என்று கேளுங்கள். நிச்சயம் ஏதாவது இருக்கும். அவர் சொல்லி முடிக்கிற வரை நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.